ஒட்டகக் கிடையிலிருந்து கட்டண விடுதிவரை

"பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று சொல்லித்தான் பல பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். லண்டனிலோ மினியாபோலிஸிலோ ஆஸ்லோவிலோ பிறந்த பதினைந்து வயதுப் பையன் இரண்டு வாரத்துக்கான துணியோடு விமானம் ஏறுகிறான். ஹர்கைசாவிலோ மொகதிஷுவிலோ, நைரோபியில் சோமாலியர் நிறைந்த ஈஸ்ட்லீ பகுதியிலோ இறங்கிய சில நாளில் அந்தச் சோமாலிப் பையனின் கடவுச்சீட்டு பெரியவர் ஒருவரின் பெட்டிக்குள் போய்விடுகிறது. அம்மா மட்டும் ஊர் திரும்புகிறாள். பண்பாட்டுக்குத் திருப்புதல் என்ற பொருளில் சோமாலியர் இதை 'டகன் எலிஸ்' என்கிறார்கள். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைக்கும் அதுவே பட்டப்பெயர். ஹர்கைசா தெருவில் ஒருவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது பாதி அடையாளம், பாதி ஏளனம். நடையையும் முடிவெட்டையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இது எங்கள் முன்னோர் வழக்கம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். பிற்போக்கான பழங்குடி வழக்கம் என்று ஐரோப்பிய அரசியல்வாதிகள் சொல்கிறார்கள். பழையது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வரலாற்றைப் பார்த்தால் அந்த ஒற்றுமையே ஐயத்துக்குரியது. பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பி வளர்ப்பது சோமாலியரிடையே பழையதுதான். ஆனால் இன்று அவன் போய்ச் சேரும் இடங்களில் பல, அந்தப் பழமையோடு பெயரளவுக்குக்கூட உறவில்லாதவை. இடையில் கழிந்த இரண்டு மூன்று தலைமுறைகளில் காணாமற்போனது, அனுப்பிய இடத்தில் பிள்ளைக்காக நியாயம் கேட்க நின்ற ஆள்.

முதலில் அந்தப் பழைய ஏற்பாடு என்ன என்று பார்க்க வேண்டும். 1950-களின் நடுவில் பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் ஐ.எம். லூயிஸ் 1961-இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். மேய்ச்சல் குடும்பம் இரண்டாகப் பிரிந்து வாழ்ந்தது. ஆடுகளுக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். அதனால் பெண்களும் சிறுபிள்ளைகளும் ஆட்டு மந்தையோடும் பிரித்துக் கட்டும் கூடாரங்களோடும் கிணறுகளை ஒட்டியே நகர்ந்தார்கள். ஒட்டகம் வறண்ட காலத்திலும் வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தாங்கும். புல்லைத் தேடி நெடுந்தொலைவு போகும். எனவே ஒட்டகக் கிடை தனியாக அலைந்தது. அதில் இருந்தவர்கள் மணமாகாத இளைஞர்களும் ஏழெட்டு வயது முதலான சிறுவர்களுமே. கூடாரம் கிடையாது. முள்வேலி வளைத்து நடுவில் ஒட்டகங்களை அடைத்துவிட்டு ஓரமாகத் தரையில் படுப்பார்கள். பல மாதங்களுக்குப் பால்தான் சாப்பாடு. சிறுத்தை, கழுதைப்புலி, பிற குலத்தாரின் கொள்ளை எல்லாவற்றுக்கும் விழித்திருக்க வேண்டும். மூத்தவன் அடித்தால் இளையவன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடுமையான பள்ளிக்கூடம்தான், அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடுமையில் சில ஒழுங்குகள் இருந்தன. ஆண்பிள்ளை பிறந்ததும் அவன் பேருக்கு ஒரு பெண் ஒட்டகத்தை ஒதுக்குவது வழக்கம். தொப்புள்கொடியோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் அந்த ஒட்டகமும் அதன் ஈற்றுகளும் அவனுடைய சொத்து. ஆகவே கிடைக்குப் போன சிறுவன் தன் மாட்டைத் தானே மேய்ப்பவனைப் போலப் போனான். தண்டனைக்காக அவனை யாரும் அனுப்பவில்லை. குறும்புக்காரனும் போனான், சாதுவும் போனான், செல்வர் மகனும் போனான். போன காலத்துக்கு ஒரு முடிவும் இருந்தது. ஏப்ரல் வாக்கில் 'கூ' மழை இறங்கிப் புல் தழைத்ததும் கிடையும் குடும்பமும் அருகருகே வந்துவிடும். திருமணம், ஆட்டம்பாட்டம், கவிதைப் போட்டி எல்லாம் அப்போதுதான். தாய் தன் மகனைக் கண்ணால் பார்த்துவிடுவாள். மெலிந்திருக்கிறானா, முதுகில் தழும்பு இருக்கிறதா என்பது அவளுக்குத் தெரியாமல் போகாது.

இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது. சோமாலி மேய்ச்சல் சமூகத்தில் காவல்துறையோ சிறையோ இருந்ததில்லை. ஆனால் சட்டம் இருந்தது. 'ஹேர்' எனப்படும் வழக்காற்று உடன்படிக்கையின்படி சில நூறு முதல் சில ஆயிரம் ஆண்கள் வரை கொண்ட ஒவ்வொரு குழுவும் ரத்த ஈட்டுக்குக் கூட்டுப் பொறுப்பு ஏற்றது. ஓர் ஆணைக் கொன்றால் நூறு ஒட்டகம், பெண்ணைக் கொன்றால் ஐம்பது. காயங்களுக்கும் அளவுக்கேற்ற ஈடு உண்டு. தகராறு வந்தால் பெரியவர்கள் மரத்தடியில் கூடிப் பேசுவார்கள். நெருங்கிய குலத்துக்குள் பெண் எடுக்காத வழக்கத்தால் சிறுவனின் தாய்மாமன்கள் வேறு குழுவைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். தாய்மாமன் என்றால் எவ்வளவு கனம் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. தந்தைவழியார் கையில் பிள்ளை நொறுங்கினால் மாமன்மார் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த உறவு முறிந்தால் வறட்சியில் கிணறு கிடைக்காது. சிறுவனைக் காப்பாற்றியது மேய்ப்பனின் கருணையைவிட இந்தக் கணக்குதான். குழந்தை உரிமை என்ற எண்ணமே இல்லாத சமூகத்தில் குழந்தையின் உடம்புக்கு விலை இருந்தது, விலை கேட்க ஆளும் இருந்தார். இந்த ஏற்பாட்டை நான் பொற்காலமாகக் காட்டவில்லை. பெண்ணின் உயிர் ஆணின் உயிரில் பாதி என்று எழுதிவைத்த கணக்கு அது. குழுவில் ஆள்பலம் இல்லாதவனுக்கு நீதியும் குறைவாகவே கிடைத்தது. ஆயினும் பொறுப்பு யாருடையது என்பதில் அங்கே குழப்பம் இருந்ததில்லை.

சோமாலியர் கடல் தாண்டியதும் புதிதல்ல. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், அப்போது பம்பாய் மாகாணத்தின் கீழ் இருந்த ஏடன் துறைமுகத்தில் அவர்கள் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் கரி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தார்கள். கார்டிஃப், சவுத் ஷீல்ட்ஸ், கிழக்கு லண்டன் துறைமுகப் பகுதிகளில் விடுதி எடுத்துத் தங்கினார்கள். பெரும்பாலும் தனி ஆண்கள். சம்பாதித்ததை ஊரில் ஒட்டகமாக மாற்றினார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி அந்தத் தலைமுறையில் பெரிதாக எழவில்லை. உள்நாட்டில் நகரம் வளர்ந்தபோது எழுந்தது வேறொன்று. மொகதிஷுவிலும் ஹர்கைசாவிலும் வளர்ந்த பிள்ளையைச் சில மாதம் மேய்ச்சல் நிலத்து உறவினரிடம் அனுப்பினார்கள். பால் குடித்து உடம்பு தேறட்டும், மொழி சுத்தமாகட்டும், மூதாதையர் பெயர் வரிசையை ஒப்பிக்கக் கற்கட்டும் என்பதற்காக. மேய்ச்சல் நிலத்துப் பிள்ளை படிப்புக்காக நகரத்து அத்தை வீட்டுக்கு வந்தான். பிள்ளைகள் இரு திசையிலும் போய்வந்தார்கள்.

இதையே அரசு ஒருமுறை பேரளவில் செய்துபார்த்தது. சியாத் பாரேயின் ராணுவ ஆட்சி 1972-இல் சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்தை அறிவித்தது. 1974-இல் உயர்நிலைப் பள்ளிகளை ஓராண்டு மூடி, 25,000-க்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஆசிரியர்களையும் கரும்பலகையும் போர்வையும் கொடுத்து மேய்ச்சல் நிலங்களுக்கு அனுப்பியது. பகலில் ஒட்டகம் மேய்ப்பவர்களோடு நடந்து, ஓய்ந்த நேரத்தில் மரத்தடியில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நகரத்துப் பையன்கள் நாட்டைக் கற்கட்டும் என்பதும் அரசின் நோக்கம். அதே ஆண்டு பெரும் வறட்சி வந்தது. எழுத்தறிவு இயக்கம் பாதியில் நிவாரண இயக்கமாக மாறியது. மந்தையை இழந்த ஒரு லட்சத்தை ஒட்டிய மேய்ச்சல் மக்கள் சோவியத் விமானங்கள், லாரிகள் மூலம் தெற்கே விவசாய, மீன்பிடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். 1974-இல் பதினாறு வயதாக இருந்தவருக்கு 1995-இல் முப்பத்தேழு வயது. மேற்கு நகரம் ஒன்றில் வளரும் பிள்ளைகளுக்குப் பெற்றோராக இருக்கும் வயது. மேய்ச்சல் நிலத்துக்குப் போனால் மனிதன் ஆவான் என்பது அந்தத் தலைமுறைப் படித்தவர் பலருக்குப் புத்தகப் பேச்சாக இருந்திருக்காது. அனுபவித்த பாடமாக இருந்திருக்கும். அந்த நிலமே தன் மக்களைத் தாங்க முடியாமல் கைவிரித்த ஆண்டும் அதுதான் என்பது அந்த நினைவில் எவ்வளவு தங்கியது என்பது வேறு கேள்வி.

1988-இல் பாரே அரசின் போர் விமானங்கள் ஹர்கைசா விமான நிலையத்திலிருந்தே மேலெழும்பி ஹர்கைசாவைக் குண்டு வீசித் தகர்த்தன. அந்தத் தாக்குதலின் நினைவாக ஒரு மிக் விமானம் இன்றும் நகர நடுவில் மேடைமீது நிற்கிறது. 1991 ஜனவரியில் பாரே ஓடினார். தெற்கில் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் மூண்டன. எத்தியோப்பிய எல்லை முகாம்கள், கென்யாவின் தாதாப் முகாம், அங்கிருந்து லண்டன், டொரொன்டோ, மினசோட்டா, ஸ்காண்டிநேவியா என்று மக்கள் சிதறினார்கள். குடும்பங்கள் முழுசாகப் போய்ச் சேரவில்லை. கணவன் ஒரு கண்டத்தில், மனைவி வேறொன்றில். அல்லது கணவன் போரிலேயே போய்விட்டான். அரசு கொடுத்த அடுக்குமாடி வீட்டில் ஆறேழு பிள்ளைகளோடு மொழி தெரியாத தாய் தனியாக நின்றாள். கிடையில் நூறு பேர் பகிர்ந்த வேலை ஒருத்தியின் தலையில் விழுந்தது.

அவளுடைய பயங்களைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2019-இல் லண்டனின் சோமாலியத் தாய்மார் கத்திக்குத்துக்குப் பயந்து மகன்களைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதை பிபிசி செய்தியாக்கியது. 2007 முதல் மினியாபோலிஸிலிருந்து இளைஞர்கள் சிலர் பெற்றோருக்குத் தெரியாமல் போய் அல்-ஷபாபில் சேர்ந்தார்கள். ஒரு பக்கம் போதைப்பொருள் கும்பல், மறு பக்கம் ஆயுதக் குழு, நடுவில் காவல்துறையின் சந்தேகப் பார்வை. மகனைக் கண்டித்து அடித்தால் நல்வாழ்வுத் துறை வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் ஸ்காண்டிநேவியச் சோமாலியரிடையே வலுவானது. அடிக்கவும் கூடாது, விடவும் முடியாது என்னும்போது விமானச் சீட்டு மூன்றாவது வழியாகத் தெரிகிறது.

1990-களின் பிற்பாதியிலிருந்து அந்த வழி திறந்தும் கிடந்தது. 1991-இல் தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் அமைதி நிலைத்தது. 1998-இல் போராமாவில் அமூத் பல்கலைக்கழகமும் 2000-இல் ஹர்கைசா பல்கலைக்கழகமும் தொடங்கின. ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் வந்தன. பணம் அனுப்பும் ஹவாலா நிறுவனங்கள் வழியாக மாதாமாதம் டாலர் இறங்கியது. பாட்டி வீடு, சித்தி வீடு, பக்கத்தில் பள்ளிக்கூடம் என்று பல பிள்ளைகள் போனார்கள். ஆனால் உறவினர் எல்லோருக்கும் இதற்கான தெம்பு இல்லை. போர் அவர்களையும் சிதறடித்திருந்தது. வெளிநாட்டில் வளர்ந்து கோபத்தோடு வந்து இறங்கும் பதினேழு வயதுப் பையனை எழுபது வயதுப் பாட்டி எப்படிச் சமாளிப்பாள்? அந்த இடைவெளியில்தான் கட்டண விடுதிகள் முளைத்தன. திருக்குர்ஆன் பாடம், ஒழுக்கம், போதை மீட்பு என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தருவதாகச் சொல்லும் இடங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை சோமாலியாவுக்கான பயண எச்சரிக்கையிலேயே இவற்றைத் தனியாகக் குறிப்பிடுகிறது: உரிமமோ கண்காணிப்போ போதாத அல்லது அறவே இல்லாத 'பண்பாட்டு மறுவாழ்வு' மையங்கள் நாடெங்கும் இயங்குகின்றன, அடி உதையும் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைப்பதும் பரவலாகத் தெரியவருகின்றன என்கிறது. நார்வேயின் என்ஆர்கே ஒலிபரப்பு 2017-இல் வெளியிட்ட செய்திகளில் விடுதிகளிலிருந்து தப்பி வந்தவர்கள் சங்கிலியையும் சாட்டையையும் பற்றிப் பேசினார்கள். மனநலம் குன்றியோரைச் சங்கிலியில் கட்டிவைக்கும் சோமாலிலாந்துத் தனியார் மையங்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2015-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. பிள்ளைகளைத் திருத்தும் விடுதியும் இந்த மையமும் ஒரே வகைத் தொழிலின் இரண்டு கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விடுதிக்காரர் பிள்ளைக்கு உறவில்லை. தாய்மாமன் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டாக்சி ஓட்டுகிறார். மழைக்காலத்தில் கிடையும் குடும்பமும் சந்திப்பதைப் போன்ற ஒரு நாள் இந்த ஏற்பாட்டில் இல்லை. பையன் எப்போது திருந்தினான் என்று தீர்மானிப்பவர், அவன் திருந்தாதவரை மாதக் கட்டணம் வாங்குபவர். அவன் பேரில் எந்த ஒட்டகமும் காத்திருக்கவில்லை. கிடையின் கடுமை மட்டும் விடுதிக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அணை போட்ட எதுவும் கூடவரவில்லை.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் ஒன்று, குறை மதக் கல்வி முறையில் இருக்கிறது, பழைய திருக்குர்ஆன் பள்ளியிலும் ஆசிரியர் பிரம்பெடுத்தார் என்பது. எடுத்தார்தான். மரப்பலகையில் கரி மையால் எழுதிப் பாடம் படித்த பிள்ளைகள் அடியும் வாங்கினார்கள். ஆனால் மாலையில் வீட்டுக்குப் போனார்கள். மேய்ச்சல் குடும்பங்களோடு நகர்ந்த ஆசிரியரோ அந்தக் குடும்பங்கள் கொடுத்த பாலிலும் ஆட்டிலும் பிழைத்தவர். இரவில் கதவைப் பூட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை. மதம்தான் காரணம் என்றால் அதே மதம் பல நூற்றாண்டாக இருந்தும் இந்த விடுதிகள் கடந்த முப்பது ஆண்டுக்குள் மட்டும் ஏன் பெருகின என்று சொல்ல வேண்டும்.

நாகரிக நாடுகளில் நடக்காத காரியம் இது என்பது இன்னொரு வாதம். இதைச் சொல்பவருக்குத் தம் வீட்டு வரலாறு மறந்துவிட்டது. பம்பாயில் பிறந்த ரட்யார்ட் கிப்ளிங்கை 1871-இல், ஆறு வயது நிரம்பும் முன்பே, பெற்றோர் இங்கிலாந்தின் சவுத்சீயில் கட்டணம் வாங்கும் அந்நியர் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அங்கே பட்ட கொடுமையை அவர் கடைசிவரை மறக்கவில்லை. இந்தியாவில் வேலைபார்த்த ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு அது சாதாரண நடைமுறை. 'சுதேசி' ஆகிவிடாமல் பிள்ளையைப் பண்பாட்டுக்குத் திருப்புவதுதான் அவர்கள் நோக்கமும். அதே பிரிட்டன் 1869 தொடங்கி ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஏழைப் பிள்ளைகளைக் கனடாப் பண்ணைகளுக்குக் கப்பலேற்றியது. அமெரிக்காவில் பெற்றோர் கூலிக்கு அமர்த்தும் ஆட்கள் நள்ளிரவில் படுக்கையிலிருந்து பிள்ளையை எழுப்பி வனமுகாமுக்கோ பூட்டிய உறைவிடப் பள்ளிக்கோ கொண்டுபோகும் தொழில் பல பத்தாண்டாக நடக்கிறது. அதைக் கண்காணிக்க வழிசெய்யும் சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. ஜெர்மனியின் இளையோர் நலத் துறைகள் அடங்காப் பிள்ளைகளை அரசுச் செலவிலேயே வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. ருமேனியாவின் மாரமுரேஷ் பகுதியில் அப்படி ஒரு திட்டத்தில் பிள்ளைகள் சுரண்டப்படுவதான சந்தேகத்தில் 2019-இல் அந்நாட்டு வழக்குத் துறை சோதனையிட்டது. இவற்றைச் சொல்வது சோமாலிய விடுதிகளின் குற்றத்தைக் கழுவுவதற்காக அல்ல. மதமும் நாடும் வேறுவேறாக இருந்தும் விளைவு ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். தொலைவு, கட்டணம், உறவற்ற காவலர் மூன்றும் சேர்ந்த இடத்தில் பிள்ளை அடிபடுகிறது.

கடினமான மறுப்பு பெற்றோர் உரிமை பற்றியது. பையன் லண்டன் தெருவில் செத்துக் கிடப்பதைவிட ஆப்பிரிக்காவில் உயிரோடு வெறுப்பது மேல் என்று ஒரு தாய் சொன்னால் என்ன பதில்? கானாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது. உறவினருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மகனை அழைத்துப்போய்க் கானாவில் உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். மகனே வழக்குத் தொடுத்தான். கும்பலில் சிக்குவான் என்ற பெற்றோரின் அச்சம் உண்மையானது, முடிவு அவர்கள் உரிமைக்கு உட்பட்டது என்றார் நீதிபதி. சில மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. இரண்டு தீர்ப்புமே எனக்குப் புரிகின்றன. ஆபத்திலிருந்து பிள்ளையை அகற்றும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஏமாற்றி அகற்றும்போது அந்த உரிமை பாதி கரைந்துவிடுகிறது. எங்கே விட்டோம், யாரிடம் விட்டோம் என்று பார்க்காமல் பணத்தை மட்டும் அனுப்பினால் மீதியும் போய்விடுகிறது. கிடைக்கு அனுப்பிய தந்தைக்கும் அந்த உரிமை இருந்தது. ஆனால் அவன் மழைக்காலத்தில் மகனைப் பார்த்தாக வேண்டியிருந்தது.

ஐரோப்பிய அரசுகள் சட்டத்தை நம்புகின்றன. பிள்ளையின் உடல்நலத்துக்கோ வளர்ச்சிக்கோ கடும் ஆபத்து விளையும் வெளிநாட்டுச் சூழலுக்கு அனுப்பும் பெற்றோருக்கு நான்கு ஆண்டு வரை சிறை என்று டென்மார்க் 2019-இல் குற்றமாக்கியது. குழந்தைத் திருமணம், பெண்ணுறுப்புச் சிதைப்பு ஆகியவற்றுக்காகக் கொண்டுபோகப்படும் பிள்ளைகளுக்குப் பயணத் தடை விதிக்கும் சட்டத்தை ஸ்வீடன் 2020-இல் கொண்டுவந்தது. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இதற்கு வலுவான நியாயம் உண்டு. திருத்துவதற்காக அனுப்பப்பட்டவள் திருமணமாகித் தங்கிவிட்டால் பிறகு எந்தத் தூதரகமும் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. ஆனால் பெற்றோரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் விடுதிக் கதவைத் திறக்காது. வாய் திறந்தால் அம்மா ஜெயிலுக்குப் போவாள் என்று தெரிந்த பையன் தூதரகத்துக்குத் தொலைபேசியில் பேசத் தயங்குவான். விடுதியை ஆய்வு செய்ய வேண்டிய அரசோ மொகதிஷுவில் உயிரைக் காத்துக்கொள்ளவே போராடுகிறது. நைரோபித் தூதரகத்தில் இதற்கென்றே தனி ஆலோசகரை வைத்த நார்வே இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாக யோசித்திருக்கிறது. தாய்மாமன் இல்லாத இடத்தில் பிள்ளைக்காக வந்து நிற்க ஒரு சம்பளக்காரராவது இருக்கிறார்.

போய்த் தேறியவர்களும் இருக்கிறார்களே என்ற கேள்வி மிஞ்சுகிறது. இருக்கிறார்கள், அவர்கள் ஒரு சிலர் மட்டும் அல்லர். ஹர்கைசாவில் மொழி கற்று, பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே கடை வைத்தவர்களும் தொலைபேசி நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களும் உண்டு. அனுப்பிய தாய்க்கு நன்றி சொல்பவர்களும் உண்டு. அவர்கள் தங்கிய இடங்களைக் கவனித்தால் பெரும்பாலும் பாட்டி வீடு, சித்தப்பா வீடு, வெளியே போய்வரக்கூடிய பள்ளிக்கூடம். கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். விடுமுறைக்குத் தாய் வருகிறாள். ஒத்துவராவிட்டால் வேறு உறவினர் வீட்டுக்கு மாறிக்கொள்ள முடிகிறது. விடுதிகளில் முதல் நாளே கைபேசியை வாங்கிவைத்துவிடுகிறார்கள். அம்மாவோடு பேசும் நாளில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பையன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறான், அடுத்த மாதக் கட்டணம் வந்து சேர்கிறது.